கான்கிரீட் நெடுஞ்சாலைத் தளங்களின் நீண்டகாலச் செயல்திறன்: மூட்டு, கம்பி, அடித்தளம் ஆகியவற்றின் பங்கு

ஆய்வுச் சுருக்கம்

முப்பது ஆண்டுகள் உழைக்கும் எனக் கருதிக் கட்டப்படும் கான்கிரீட் நெடுஞ்சாலைகளுள் சில அக்காலத்தைக் கடந்தும் நிற்கின்றன. சில பத்தாண்டுகளுக்குள்ளேயே விரிசலுற்றுப் பழுதுபார்ப்பை வேண்டுகின்றன. இவ்வேறுபாட்டிற்குப் பாளத்தின் தடிமன் மட்டுமே காரணம் அன்று. மூட்டுகளின் இடைவெளி, மூட்டில் சுமையைக் கடத்தும் கம்பி, பாளத்தைத் தாங்கும் அடித்தளத்தின் விறைப்பு, நீர் வெளியேறும் வழி ஆகியவை ஒன்றோடொன்று இயைந்தே தளத்தின் ஆயுளை முடிவு செய்கின்றன. அமெரிக்காவின் ஆஷோ சாலைச் சோதனை, நீண்டகாலத் தளச் செயல்திறன் திட்டம், பெல்ஜியம் நாட்டின் தொடர்கம்பித் தள அனுபவம் ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை அவ்வியைபை விளக்குகிறது. விறைப்பான அடித்தளம் எப்போதும் நன்மையே தரும் என்னும் எண்ணம் ஓர் எளிய கணக்கீட்டின் வழி மறுபரிசீலனை செய்யப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கான்கிரீட் சாலைத்தளம், மூட்டு, டவல் கம்பி, தொடர்கம்பித் தளம், மெலிகான்கிரீட் அடித்தளம், வெப்ப வளைவு, படிவிலகல்.

முன்னுரை

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் உள்ள பெல்லஃபான்டெய்ன் என்னும் சிற்றூரில் ஜார்ஜ் பார்த்தலோமியூ என்பார் 1891ஆம் ஆண்டு ஒரு தெருவின் சிறு பகுதியைக் கான்கிரீட்டால் அமைத்துக் காட்டினார். அதன் வெற்றியைத் தொடர்ந்து 1893இல் அவ்வூர் நீதிமன்றத்தைச் சூழ்ந்த தெருக்களும் கான்கிரீட்டாயின. அவற்றின் ஒரு பகுதி நூறாண்டுகளைக் கடந்தும் நிலைத்திருக்கிறது. இச்செய்தி கான்கிரீட்டின் உறுதிக்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஆயின் குதிரை வண்டிகளுக்கென அமைந்த தெருவையும் நாள்தோறும் பல்லாயிரம் சரக்குந்துகள் செல்லும் நெடுஞ்சாலையையும் ஒரே அளவுகோலால் அளத்தல் பொருந்தாது. எந்த வடிவமைப்பு, எந்த மண்ணில், எந்தத் தட்பவெப்பத்தில், எத்தனை சுமைகளைத் தாங்கி எவ்வளவு காலம் நின்றது என்பதே பொறியியல் கேட்க வேண்டிய வினாவாகும்.

இவ்வினாவிற்கு ஆய்வகத்தில் மட்டும் விடை காண இயலாது. கான்கிரீட் அழிவது மெதுவாக நிகழும் செயல். வெயிலும் மழையும் சுமையும் பல்லாண்டுகள் கூடிச் செயல்பட்ட பின்னரே வடிவமைப்பின் குறை வெளிப்படும். அதற்குள் அதே வடிவமைப்பில் பல நூறு கிலோமீட்டர் சாலை கட்டப்பட்டிருக்கும். நீண்டகாலக் கண்காணிப்பின் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

மூவகைத் தளங்கள்

கான்கிரீட் இறுகும்போது சுருங்குகிறது. வெப்பம் மாறும்போது நீண்டும் குறுகியும் இயங்குகிறது. இவ்வியக்கம் தடைப்படும்போது விரிசல் தோன்றுகிறது. விரிசலைத் தவிர்க்க இயலாது. அது எங்கே, எவ்வகையில் தோன்ற வேண்டும் என்பதை மட்டுமே வடிவமைப்பாளர் முடிவு செய்ய இயலும். இம்முடிவின் அடிப்படையில் கான்கிரீட் தளங்களை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, எளிய மூட்டுத் தளம். இதில் பாளத்தினுள் வலைக்கம்பி இல்லை. சுமார் 4.5 மீட்டருக்கு ஒருமுறை பாளத்தின் மேற்பகுதி, தடிமனில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அறுக்கப்படுகிறது. விரிசல் அந்த அறுப்பின் கீழே ஒழுங்காக உருவாகிறது. மூட்டின் குறுக்கே வைக்கப்படும் வழவழப்பான டவல் கம்பிகள் பாளத்தின் நீளவாட்டு இயக்கத்தைத் தடுக்காமல், சக்கரத்தின் சுமையை ஒரு பாளத்திலிருந்து அடுத்த பாளத்திற்குக் கடத்துகின்றன.

இரண்டாவது, வலைக்கம்பி மூட்டுத் தளம். மூட்டுகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் பொருட்டுப் பாளம் 12 முதல் 30 மீட்டர் வரை நீட்டப்பட்டது. நடுவில் தோன்றும் விரிசலை இறுக்கிப் பிடிக்கச் சிறிதளவு எஃகு வலை பதிக்கப்பட்டது.

மூன்றாவது, தொடர்கம்பித் தளம். இதில் குறுக்கு மூட்டே இல்லை. பாளத்தின் குறுக்குவெட்டுப் பரப்பில் 0.6 முதல் 0.8 விழுக்காடு வரையிலான எஃகு நீளவாட்டில் இடையறாது செல்கிறது. ஏறத்தாழ ஒரு மீட்டர் அல்லது இரண்டு மீட்டருக்கு ஒன்றாக மெல்லிய விரிசல்கள் தாமே தோன்ற, எஃகு அவற்றை விரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. 1921ஆம் ஆண்டு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஆர்லிங்டன் அருகே கொலம்பியா பைக் சாலையில் இவ்வகைத் தளம் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது.

இம்மூன்றனுள் வலைக்கம்பி மூட்டுத் தளம் ஏறத்தாழக் கைவிடப்பட்டது. காரணத்தை எளிய கணக்கால் உணரலாம். கான்கிரீட்டின் வெப்ப விரிவுக் குணகம் ஒரு பாகை செல்சியசுக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 0.01 மில்லிமீட்டர். வெப்பநிலை 30 பாகை குறைந்தால் 4.5 மீட்டர்ப் பாளம் சுமார் 1.35 மில்லிமீட்டரும், 18 மீட்டர்ப் பாளம் 5.4 மில்லிமீட்டரும் தடையின்றிச் சுருங்க முனையும். நீண்ட பாளங்களின் மூட்டு அகன்று திறப்பதால் அடைப்பான் கிழிந்து நீரும் மணலும் புகுகின்றன. நடு விரிசலிலோ டவல் கம்பி இல்லை. மெல்லிய வலை துருப்பிடித்து அறுந்தவுடன் விரிசல் அகலுகிறது. விரிசலின் இருமுகத்து ஜல்லிகளும் ஒன்றையொன்று பற்றிச் சுமையைக் கடத்துவதற்கு இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்குள் இருத்தல் வேண்டும். அதைத் தாண்டியபின் அவ்விரிசல் கம்பியற்ற மூட்டாகவே மாறிவிடுகிறது.

பாளத்தின் மீது செயல்படும் விசைகள்

பாளத்தில் இருவகைத் தகைவுகள் எழுகின்றன. ஒன்று சக்கரச் சுமையால் வருவது. மற்றொன்று பாளத்தின் மேற்புறத்திற்கும் அடிப்புறத்திற்கும் இடையிலான வெப்ப வேறுபாட்டால் வருவது. இவற்றுள் முன்னதை வெஸ்டர்கார்டு 1926இல் வெளியிட்ட பகுப்பாய்வு, மூலை, விளிம்பு, நடு என மூன்று நிலைகளில் கணக்கிட வழி செய்தது.

பகலில் மேற்புறம் சூடேறி விரிய முனைவதால் பாளத்தின் நடுப்பகுதி மேலெழ முயல்கிறது. பாளத்தின் சொந்த எடை அதைத் தடுக்கிறது. இத்தடையால் அடிப்புறத்தில் இழுவிசை தோன்றும். அந்நேரத்தில் விளிம்பின் நடுவே சக்கரம் ஏறினால் இரு இழுவிசைகளும் கூடி, விரிசல் கீழிருந்து மேல்நோக்கி வளரும். இரவில் நிலைமை தலைகீழாகிறது. மேற்புறம் குளிர்ந்து சுருங்க, மூலைகளும் ஓரங்களும் அடித்தளத்தை விட்டு எழ முனைகின்றன. முன்னச்சு ஒரு மூட்டின் அருகிலும் பின்னச்சு அடுத்த மூட்டின் அருகிலும் ஒருசேர நிற்கும் நிலையில், விரிசல் மேலிருந்து கீழ்நோக்கி வளரும். சரக்குந்துகள் பெரிதும் இரவில் ஓடும் நெடுஞ்சாலைகளில் இந்த இரண்டாவது வகை புறக்கணிக்கத்தக்கதன்று.

இவை தவிர நீரின் செயலும் உண்டு. மூட்டின் வழியே இறங்கிய நீர் பாளத்தின் கீழ்த் தேங்குகிறது. சக்கரம் மூட்டைக் கடக்கும்போது முதற்பாளம் மெதுவாகத் தாழ்ந்து நீரை முன்னோக்கித் தள்ளும்; சக்கரம் அடுத்த பாளத்தில் ஏறியதும் அந்நீர் மிகுந்த வேகத்துடன் பின்னோக்கிப் பாயும். அது நுண்மண்ணை அடித்துச் சென்று முதற்பாளத்தின் அடியிற் சேர்ப்பதும், மூட்டின் வழியே சேறாக வெளியே பீச்சுவதும் நிகழும். காலப்போக்கில் முதற்பாளம் உயர்ந்தும் அடுத்த பாளம் தாழ்ந்தும் போகின்றன. இதுவே படிவிலகல் ஆகும். வாகனம் ஓட்டுவோர் சீரான இடைவெளியில் உணரும் 'தடக் தடக்' என்னும் அதிர்வு இதன் விளைவே. படிவிலகல் உண்டாக நீர், அரிக்கத்தக்க மண், பாளங்களுக்கிடையே தாழ்வு வேறுபாடு ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டும். டவல் கம்பி மூன்றாவதையும், வடிகால் முதலாவதையும், உறுதியான அடித்தளம் இரண்டாவதையும் தடுக்கின்றன.

ஆஷோ சாலைச் சோதனை: தந்ததும் தராததும்

அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அலுவலர் சங்கம் இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா நகருக்கு அருகே 1958 முதல் 1960 வரை நடத்திய சோதனை, சாலை வடிவமைப்பின் வரலாற்றில் ஒரு திருப்புமுனை. ஆறு சுற்றுச்சாலைகளில் 836 சோதனைப் பகுதிகள் அமைக்கப்பட்டன. அவற்றுள் 368 கான்கிரீட் பகுதிகள். பாளங்களின் தடிமன் 64 முதல் 318 மில்லிமீட்டர் வரை மாறுபட்டது. ஒரு சுற்றுச்சாலை போக்குவரத்தின்றி விடப்பட, ஏனைய ஐந்திலும் இரண்டாண்டுகளில் 11,14,000 அச்சுச் சுமைகள் செலுத்தப்பட்டன.

அச்சின் எடை கூடும்போது சேதம் அதன் நான்காம் அடுக்கை ஒட்டிப் பெருகும் என்னும் விதி இச்சோதனையின் வழியே நிலைபெற்றது. அதாவது, அச்சின் எடை இரு மடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும். பயணிப்போரின் மதிப்பீட்டை அளவீடுகளோடு இணைத்து, 0 முதல் 5 வரை அமைந்த சேவைத்தரக் குறியீடும் இங்கேயே உருவானது.

ஆயினும் இச்சோதனையின் எல்லைகளை மறத்தலாகாது. மண் ஒரே வகைக் களிமண், தட்பவெப்பம் ஓரிடத்தது, காலம் இரண்டே ஆண்டு. மூட்டுகள் அனைத்திலும் டவல் கம்பிகள் இருந்தமையால், கம்பியில்லா மூட்டின் நடத்தையை இச்சோதனை காட்டவில்லை. பழுதுற்ற கான்கிரீட் பகுதிகளில் பாளத்தின் கீழிருந்த மணல் கலந்த பரல் நீருடன் பீச்சப்பட்டதே அழிவிற்கு முதன்மைக் காரணமாயிற்று. தடித்த பாளங்கள் பல, சோதனை முடிந்தபோதும் நல்ல நிலையில் இருந்தன. எனவே அவற்றின் இறுதி ஆயுளை இச்சோதனை நேரடியாக அளக்கவில்லை. இவ்வரம்புகளுக்குட்பட்ட சமன்பாடுகளே பிற்காலத்தில் பல கோடிச் சுமைகளைத் தாங்க வேண்டிய சாலைகளுக்கும் நீட்டிக்கப்பட்டன. சோதனைக்குப் பின் அப்பகுதிகளுள் சில 80ஆம் எண் மாநிலங்களிடை நெடுஞ்சாலையின் அங்கமாக்கப்பட்டுத் தொடர்ந்து நோக்கப்பட்டமை, இரண்டாண்டுத் தரவு போதாது என்பதை அன்றைய பொறியாளர்களும் அறிந்திருந்தமைக்குச் சான்றாகும்.

நீண்டகாலத் தளச் செயல்திறன் திட்டம்

இக்குறையை நீக்கும் நோக்குடன் 1987இல் அமெரிக்காவில் நீண்டகாலத் தளச் செயல்திறன் திட்டம் தொடங்கப்பட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 2,500 சாலைப் பகுதிகள் கண்காணிப்பிற்கு உட்பட்டன. இவற்றுள் கான்கிரீட் தளங்களுக்கென வகுக்கப்பட்ட இரண்டாம் சிறப்புச் சோதனைத் தொகுதி இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. 14 மாநிலங்களில், 1992ஆம் ஆண்டு முதல், ஒவ்வோர் இடத்திலும் 152 மீட்டர் நீளமுள்ள 12 அடிப்படைப் பகுதிகள் கட்டப்பட்டன.

நான்கு காரணிகள் திட்டமிட்டு மாற்றப்பட்டன. பாளத்தின் தடிமன் 203 அல்லது 279 மில்லிமீட்டர். கான்கிரீட்டின் வளைவு வலிமை 14 நாளில் 3.8 அல்லது 6.2 மெகாபாஸ்கல், தடத்தின் அகலம் 3.66 அல்லது 4.27 மீட்டர், அடித்தளம் செறிதர ஜல்லி, மெலிகான்கிரீட், நீர்புகும் தார்க்கலவை ஆகிய மூன்றனுள் ஒன்று. ஆக 24 சேர்க்கைகள். மூட்டிடைவெளி எங்கும் ஏறத்தாழ 4.6 மீட்டர், எல்லா மூட்டிலும் டவல் கம்பி.

இத்தொகுதியிலிருந்து தெளிவாக வெளிப்பட்டவை மூன்று. முதலாவது, அகலமான தடம் படிவிலகலைக் குறைத்தது. தடக்கோடு பழைய இடத்திலேயே வரையப்படுவதால் சக்கரம் பாளத்தின் விளிம்பிலிருந்து அரை மீட்டருக்கும் மேல் உள்ளே ஓடுகிறது. விளிம்புத் தகைவும் மூலையின் தாழ்வும் குறைகின்றன. ஆனால் மெல்லிய பாளத்தை அகலப்படுத்தியபோது நீளவாட்டு விரிசலுக்கு இடம் ஏற்பட்டது. இரண்டாவது, வலிமை மிக்க கலவை எதிர்பார்த்த அளவு நன்மை தரவில்லை. சிமெண்ட் மிகுந்த கலவை மிகுதியாகச் சுருங்கும் என்பதும், அதன் மீள்தன்மைக் குணகமும் உயர்வதால் வெப்பத் தகைவு கூடும் என்பதும் இதனை விளக்கும். மூன்றாவது, மெலிகான்கிரீட் அடித்தளத்தின் மேல் அமைந்த பகுதிகள், குறிப்பாக 203 மில்லிமீட்டர்ப் பாளங்கள், மிகுதியாக விரிசலுற்றன. நீர்புகும் தார்க்கலவையின் மேல் அமைந்தவை சிறப்பாக உழைத்தன.

மூன்றாவது முடிவைப் பொருள் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். நீர்புகும் அடித்தளம் இருந்த பகுதிகளிலேயே ஓர வடிகாலும் இருந்தது. ஆகவே நன்மைக்குக் காரணம் வடிகாலா, அடித்தளத்தின் மிதமான விறைப்பா என்பதைச் சோதனை அமைப்பு தானாகப் பிரித்துக் காட்டவில்லை. பின்னர் நிகழ்ந்த பகுப்பாய்வுகள் விறைப்பின் பங்கே மேலோங்கியது என்னும் முடிவை நோக்கிச் சென்றன.

விறைப்பான அடித்தளத்தின் இருமுகம்

உறுதியான அடித்தளம் பாளத்திற்கு ஊறு செய்வது முரணாகத் தோன்றலாம். இதனை ஒரு கணக்கால் தெளியலாம். பாளத்தின் வளைவு விறைப்பிற்கும் அடித்தளத்தின் தாங்குதிறனுக்கும் உள்ள விகிதத்தைச் சார்பு விறைப்பு ஆரம் என்னும் நீளத்தால் குறிப்பர். பாளத்தின் நீளத்தை இந்த ஆரத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணைக் கொண்டு, பிராட்பரி 1938இல் தந்த குணகத்தின் வழி வெப்பத் தகைவைக் கணிக்கலாம்.

பாளத்தின் நீளம் 4.5 மீட்டர், தடிமன் 300 மில்லிமீட்டர், மீள்தன்மைக் குணகம் 30,000 மெகாபாஸ்கல், பாய்சான் விகிதம் 0.15, மேல் கீழ் வெப்ப வேறுபாடு 15 பாகை எனக் கொள்வோம். அடித்தளத்தின் தாங்குகுணகம் மீட்டருக்கு 80 மெகாபாஸ்கல் எனில், சார்பு விறைப்பு ஆரம் சுமார் 0.96 மீட்டர், நீள விகிதம் 4.7, பிராட்பரி குணகம் ஏறத்தாழ 0.63, விளிம்பின் வெப்பத் தகைவு சுமார் 1.4 மெகாபாஸ்கல். தாங்குகுணகம் 300 ஆக உயர்ந்தால் ஆரம் 0.69 மீட்டராகக் குறையும், விகிதம் 6.5 ஆகும், குணகம் ஏறத்தாழ 0.98, தகைவு சுமார் 2.2 மெகாபாஸ்கல். வளைவு வலிமை 4.5 மெகாபாஸ்கல் உள்ள கான்கிரீட்டில் ஏறத்தாழப் பாதி, சக்கரம் ஏறும் முன்னரே செலவாகிவிடுகிறது.

சுமைத் தகைவு விறைப்பான அடித்தளத்தால் குறைகிறது என்பது உண்மையே. ஆனால் ஒன்றில் பெற்றதை மற்றொன்றில் இழக்கிறோம். மென்மையான தாங்கியில் வளைந்த பாளம் சற்றே அமிழ்ந்து பொருந்திக்கொள்ளும். விறைப்பான தாங்கியில் ஓரம் தூக்கியே நிற்கும். மேலும், மெலிகான்கிரீட் தானும் சுருங்கி விரிசலுறுவது. பாளம் அதனோடு ஒட்டியிருந்தால் அவ்விரிசல் மேலே எதிரொலிக்கும். ஜெர்மனியில் சிமெண்ட் பிணைத்த அடித்தளத்தில் பாள மூட்டுகளுக்கு நேராக வெட்டிடுவதும், இடையே நெய்யாத் துணி விரிப்பதும் இவ்விடரைத் தவிர்க்கும் வழிகளே.

தொடர்கம்பித் தளம்: பெல்ஜியம் தரும் பாடம்

பெல்ஜியம் 1970களில் தன் விரைவுச் சாலைகளில் தொடர்கம்பித் தளத்தைப் பெருமளவில் அமைத்தது. தொடக்க வடிவமைப்பில் பாளத்தின் தடிமன் 200 மில்லிமீட்டர். எஃகு சுமார் 0.85 விழுக்காடு, பாளத்திற்கும் மெலிகான்கிரீட்டிற்கும் இடையே 60 மில்லிமீட்டர்த் தார்க்கலவைப் படலம் இருந்தது. இத்தளங்கள் நன்கு உழைத்தன. பின்னர்ச் செலவைக் குறைக்கும் நோக்கில் எஃகு 0.67 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. தார்க்கலவைப் படலமும் நீக்கப்பட்டது.

இம்மாற்றத்திற்குப் பின் கட்டப்பட்ட சாலைகளில் துண்டுப் பெயர்வுகள் தோன்றின. நெருக்கமாக அமைந்த இரு விரிசல்களுக்கு இடைப்பட்ட குறும்பட்டை, அடியில் மண் அரிப்புற்றுத் தாங்கலை இழந்து, சுமையால் ஒடிந்து கீழிறங்குவதே துண்டுப் பெயர்வாகும். எஃகு குறைந்ததால் விரிசல் அகன்றது. படலம் இன்மையால் நீர் மெலிகான்கிரீட்டின் மேற்பரப்பை அரித்தது. 1990களில் எஃகின் அளவு 0.75 விழுக்காட்டை ஒட்டி உயர்த்தப்பட்டதோடு தார்க்கலவைப் படலமும் மீண்டும் இடம்பெற்றது. நன்றாக உழைக்கும் ஒரு வடிவமைப்பில், அது எதனால் நன்றாக உழைக்கிறது என்பதை அறியுமுன் சிக்கனம் செய்தல் எத்தகைய விலையைக் கேட்கும் என்பதற்கு இது தக்க சான்று.

இந்தியச் சூழல்

இந்தியாவில் தில்லி–மதுரா நெடுஞ்சாலைப் பகுதியும், 2002இல் முழுமையாகத் திறக்கப்பட்ட மும்பை–புனே விரைவுச் சாலையும் கான்கிரீட் நெடுஞ்சாலைகளின் பெருக்கத்திற்கு வழிகாட்டின. எளிய மூட்டுத் தளத்திற்கான ஐ.ஆர்.சி. 58 விதிநூலின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு, பகல் 10 முதல் 4 மணி வரை கீழிருந்து எழும் விரிசலையும், நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை மேலிருந்து இறங்கும் விரிசலையும் தனித்தனியே கணக்கிடுகிறது. இது குறிப்பிடத்தக்க முன்னேற்றம்.

ஆயின் இந்திய நடைமுறையில் பாளத்தின் கீழ் 150 மில்லிமீட்டர் உலர் மெலிகான்கிரீட் இடம்பெறுவது இயல்பு. தாங்குகுணகம் மீட்டருக்கு 300 மெகாபாஸ்கலை நெருங்குவதும் அரிதன்று. அதாவது, மேற்கண்ட கணக்கின் இரண்டாம் நிலையே நம் இயல்பு நிலை. இடையே விரிக்கப்படும் 125 மைக்ரான் பாலிதீன் தாள் உராய்வைக் குறைத்து விரிசல் எதிரொலிப்பதைத் தடுக்கும். ஆனால் விறைப்பால் கூடும் வெப்ப வளைவுத் தகைவை அது குறைக்காது. இதிலிருந்து மெலிகான்கிரீட்டைக் கைவிட வேண்டும் என்னும் முடிவு பெறப்படாது. அமெரிக்கச் சோதனையில் பெரிதும் விரிசலுற்றவை 203 மில்லிமீட்டர்ப் பாளங்கள். நம் நெடுஞ்சாலைப் பாளங்கள் பொதுவாக அவற்றினும் தடித்தவை. கனமழைப் பகுதிகளில் அரிக்கப்படாத அடித்தளத்தின் தேவையும் மிகுதி. ஆனால் அடித்தளத்தை மேலும் தடிப்பாக்கிப் பாளத்தை மெலிதாக்கும் சிக்கனத்திற்கு இச்சான்றுகள் இடந்தரவில்லை. விறைப்பான அடித்தளத்தைத் தேர்ந்தால் மூட்டிடைவெளியைக் குறைப்பது குறித்தும் உடன் எண்ணுதல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. நீண்ட பாளமும் குறைந்த எஃகும் கொண்ட வலைக்கம்பி மூட்டுத் தளம், மூட்டிலும் நடு விரிசலிலும் ஒருசேர நலிவுற்றது. குறுகிய பாளமும் டவல் கம்பியும் கொண்ட எளிய மூட்டுத் தளமும், போதிய எஃகு கொண்ட தொடர்கம்பித் தளமும் நிலைபேறுடையன.

2. படிவிலகலைத் தடுப்பதில் டவல் கம்பி, அரிக்கப்படாத அடித்தளம், வடிகால் ஆகியன ஒன்றுக்கு ஒன்று மாற்றல்ல. ஒன்றை ஒன்று நிரப்புவன.

3. அடித்தளத்தின் விறைப்பு ஓர் எல்லை வரையே நன்மை பயக்கும். அவ்வெல்லை பாளத்தின் நீளத்தையும் தடிமனையும் சார்ந்தது.

4. குறுகிய காலச் சோதனையின் முடிவுகளை நீண்ட ஆயுளுக்கு நீட்டிக்கும்போது, அச்சோதனை எவற்றை மாற்றிப் பார்க்கவில்லை என்பதையும் உடன் நோக்குதல் வேண்டும்.

இந்தியாவின் பல்வேறு தட்பவெப்ப மண்டலங்களில் அடித்தளத்தையும் மூட்டிடைவெளியையும் திட்டமிட்டு மாற்றிச் சோதனைப் பகுதிகளை அமைத்து, அவற்றை இருபது முப்பது ஆண்டுகள் இடைவிடாது அளந்து, தரவுகளை ஆய்வாளர் அனைவருக்கும் திறந்து வைப்பதே இத்துறையின் உடனடித் தேவையாகும். இன்று கட்டப்படும் சாலையின் பக்கத்திலேயே அச்சோதனைப் பகுதியையும் அமைத்துவிடலாம். அதற்கு ஆகும் கூடுதற்செலவு சிறிது. அதைச் செய்யாவிடின், நம் சாலைகளின் ஆயுளைப் பிற நாட்டு மண்ணிலும் வெயிலிலும் பெற்ற எண்களைக் கொண்டே தொடர்ந்து கணிக்க நேரிடும்.